உப்புத் தண்ணீர் குடித்த இன்ஜின்

அத்தானின் வேனில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. அதை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. உட்காரும் இடத்தில் சூடாகத்தான் தெரியும். மார்கழிக் காலையில் முன் சீட்டுக்கு அடிதடி நடக்கும். சித்திரையில் அதே சீட்டைக் காட்டினால், "என்னைய என்ன அப்பளமா பொரிக்கப் போறீக?" என்று மதினி பின்னால் போய் நெருக்கிக்கொண்டு உட்காருவாள். மதினி என்றால் எனக்கு உறவு இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு வாய் ஓயாமல் பேசுகிற அந்தப் பெண் ஊருக்கே மதினி. அவள் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தால் நான் இந்நேரம் பெரிய எழுத்தாளராகியிருப்பேன்.

ஆமத்தூர் பக்கத்து ஊர் எங்களுடையது. காலையில் சோற்று வாளியோடு ரோட்டு ஓரம் நிற்போம். அத்தான், அதாவது என் அக்காள் வீட்டுக்காரர், வந்து எங்களை அள்ளிப்போட்டுக்கொண்டு பட்டாசுக் கம்பெனியில் இறக்குவார். சாயங்காலம் அதே மாதிரி கொண்டுவந்து விடுவார். வேன் பழசு. வெள்ளை என்று பேர்தானே தவிர, கதவு ஒரு நிறம், முதுகு ஒரு நிறம். எட்டுப் பேர் ஏற வேண்டியதில் எத்தனை பேர் ஏறினோம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அக்காவும் முன்பு எங்களோடு வேலைக்கு வந்தவள்தான். திரி வெட்டும் ரூமில் இருந்தாள். ஒரு நாள் காயப்போட்ட திரியை அள்ள அவள் வெளியே வந்த நேரத்தில், அவளுக்குப் பின்னால் அந்த ரூம் போய்விட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த யாரும் மிஞ்சவில்லை. அக்காவுக்கு இடது கை வெந்து, ஆறி, தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. இப்போதும் அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது, தலை பின்னுவதற்குக்கூட ஆள் வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்து அவளைக் கூட்டிவந்த அன்று அத்தான் வாசலில் நின்று, "இனிமே இவ கால் அந்த கேட்டுக்குள்ள படாது" என்றார். அத்தான் பேச்சுக் குறைந்த மனிதர். பேசினால் பேசியதுதான்.

லாரி ஓட்டி ஓட்டி அவருக்கு அப்போதே இடுப்பு விட்டுப்போயிருந்தது. லோடு தூக்க முடியாது, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்யும் வேலையும் ஆகாது. சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தால் மட்டும் வலி தெரியாது என்பார். அதனால்தான் வேன். சொந்தப் பெண்டாட்டியை அனுப்பாத இடத்துக்கு ஊர்ப் பெண்களை ஏற்றிப்போகிறாரே என்று ஒருத்தி கேட்டபோது மதினி அவளை விடவில்லை. "அவுக கொண்டுபோய் விடலைன்னா நீ போகாம வீட்ல மகாராணியாவா இருக்கப்போற? நடந்து போவ. கால் வலிக்கும்லா, அத நினைச்சுப் பாரு."

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த நாலைந்து வருடங்கள் அந்த வேன் நிற்காமல் ஓடியது. அந்த ஓட்டத்தில்தான் அக்கா தன் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டு வீட்டில் இருந்தாள்.

தீபாவளிக்கு முன்னால் சீசன் முடிந்து கம்பெனியைச் சாத்தும் நாளில், திரும்பி வரும் வழியில், வேனின் முன்பக்கம் இருந்து ஆவி கிளம்பியது. அத்தான் ஓரம் கட்டி நிறுத்தினார். அதற்குப் பிறகு அது கிளம்பவே இல்லை. நாங்கள் எல்லோரும் இறங்கி, சோற்று வாளிகளை உள்ளே வைத்துவிட்டு, ஊர் வரைக்கும் தள்ளினோம். "கொழுந்தனாரே, தள்ளுனதுக்குக் கூலி தனி. சொல்லிப்பிட்டேன்" என்று மதினி கத்தினாள். அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டதை நான் பக்கவாட்டில் இருந்து பார்த்தேன்.

தீபாவளி கழிந்ததும் சாத்தூர் பக்கம் இருந்து ஒரு மெக்கானிக் வந்தார். அத்தான் லாரி ஓட்டிய காலத்துப் பழக்கம். ஆயில் பார்க்கும் கம்பியை உருவி வெளிச்சத்தில் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டியது, பால் விட்ட டீ மாதிரி இருந்தது.

"தண்ணி ஆயில்ல கலந்துருச்சு அண்ணாச்சி. இன்ஜின இறக்கித்தேன் பாக்கணும்."

"பட்டறைக்குக் கொண்டுவரவா?"

"அங்கன வண்டிக முன்னயும் பின்னயும் வரிசையா நிக்கிது. கம்பெனி திறக்குறதுக்குள்ள கைக்கு வராது. இங்கனயே இறக்கிருவோம்."

கம்பெனி திறப்பது என்றால், தீபாவளி முடிந்து ஒரு மாதம் போலச் சாத்திக் கிடந்து, பிறகு நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டுத் திறப்பார்கள். அதற்குள் வேன் ஓட வேண்டும். ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அத்தானால் வேறு வேலை செய்ய முடியாது. மிச்சம் இருப்பது அக்கா. அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்.

இன்ஜினை இறக்குவது என்று நான் நினைத்தது மேலே தூக்கி எடுப்பது. அப்படி இல்லையாம். இந்த வேனில் அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, வண்டியை அதன்மேல் இருந்து தூக்கி விலக்க வேண்டுமாம். "பிரசவம் பாக்குற மாதிரில்ல இருக்கு" என்றாள் மதினி. வண்டி தூக்க ஆள் வேண்டும் என்று அவளையும் சேர்த்து ஏழெட்டுப் பேர் போயிருந்தோம். வேலை இல்லாத மாதம், எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம்.

மெக்கானிக் முதலில் முன் சீட்டுகளைக் கழற்றி முற்றத்தில் வைத்தார். மதினி உடனே ஒன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அடுத்தது மூடியைத் திறந்தார். அதுதான் நாங்கள் முதல் முதலாகப் பார்த்தது. இத்தனை நாள் எங்களுக்கு அடியில் கிடந்து இரைந்தது, இம்புட்டுக்காணு ஒரு இரும்பு. "இதா நம்மள இழுத்துச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். யாருக்கும் நம்ப முடியவில்லை.

பேட்டரி வயரைக் கழற்றினார். தண்ணீரைத் திறந்துவிட்டார், செங்கல்லைக் கரைத்த மாதிரி வந்தது. ரப்பர் குழாய்கள், கேபிள்கள், சைலன்சர் குழாய், பின் சக்கரத்துக்குப் போகும் தண்டு என்று ஒவ்வொன்றாக விடுவித்தார். அத்தான் குனிய முடியாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கழன்று வந்த போல்ட்டுகளைத் தகர டப்பாக்களில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். எது எந்த இடத்தது என்று மறந்துவிடக் கூடாதாம். மறுபடி மாட்டப்போகிறோம் அல்லவா.

எல்லாம் கழன்றது. இன்ஜினைத் தாங்கிப் பிடித்திருந்த ஒரு போல்ட் மட்டும் துரு ஏறி அசையவே இல்லை. மெக்கானிக் ஸ்பானரை மாட்டி, சுத்தியலை ஓங்கி அதன்மேல் ஒரு அடி வைத்தார். பொறி பறந்தது.

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் போய்விட்டோம். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மதினி சீட்டை விட்டு எழுந்து சுவரோரம் நின்றாள். வெற்றிலை மெல்லுவது நின்றிருந்தது. வாசல்படியில் நின்றிருந்த அக்கா உள்ளே போய்விட்டாள்.

மெக்கானிக் எங்களை ஏறிட்டுப் பார்த்தார். "என்ன தாயி, சுத்தியல்தான?"

"சுத்தியல் வேண்டாம்ப்பா" என்றார் அத்தான்.

"அடிக்காம எப்பிடி அண்ணாச்சி வரும்? நல்லா கேட்டா வந்துருமா?"

"மண்ணெண்ணெய ஊத்தி ஊறவிடு. பொறவு கட்டையால தட்டிக்கலாம்."

கம்பெனியில் இரும்புச் சாமானே எடுக்கக் கூடாது. ஒரு ஆணிகூடக் கூடாது. அங்கே கற்ற பயம் வீட்டுக்கும் வந்துவிடும். வெடிமருந்தே இல்லாத முற்றத்தில் ஒரு பொறிக்கு இத்தனை பொம்பளைகள் ஓடுவதைப் பார்த்தால் வேறு ஊரில் சிரிப்பார்கள். மெக்கானிக் சிரிக்கவில்லை. மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டுக் கை கழுவப் போனார்.

ஒரு டீ குடிக்கும் நேரமும் அதற்கு மேலும் ஆனது. பிறகு மரச் சுத்தியலில் ஈரச் சாக்கைச் சுற்றித் தட்டித் தட்டி, அந்தப் போல்ட்டை மெக்கானிக் திருப்பினார். முட்டுக் கொடுத்திருந்த ஜாக்கியை மெல்ல இறக்கியதும் இன்ஜின் அடியில் போட்டிருந்த பழைய டயர்மேல் உட்கார்ந்தது. "இப்பம் தூக்குங்க" என்றார் மெக்கானிக். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினோம். அவர் அடியில் இருந்து டயரோடு இன்ஜினை இழுத்துக்கொண்டார். "எல்லாரும் பாருங்க, குவா குவான்னு கத்துதான்னு" என்றாள் மதினி. அந்தச் சிரிப்பில் அக்காவும் வாசலுக்குத் திரும்பி வந்தாள். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அதுதான் கடைசி.

மெக்கானிக் சாக்கை விரித்து இன்ஜினை அதன்மேல் வைத்து, மேல் மூடியைக் கழற்றினார். தண்ணீர் ஓடும் வழிகள் இருக்குமாம், சூட்டைத் தணிக்க. அவற்றில் ஒன்றில்கூட வழி இல்லை. வெள்ளை வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி, அடைந்துபோயிருந்தது. ஸ்குரூடிரைவரால் நெம்பினார். ஓட்டாஞ்சில்லு போல ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் உள்ளே தடவினார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"வெடிச்சுருக்கு அண்ணாச்சி. தலைப்பாகம் மட்டுமில்ல. அடிப்பாகமும். இனி இந்த இன்ஜின் ஆகாது."

அத்தான் ஸ்டூலில் இருந்து எழுந்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"எந்தத் தண்ணி ஊத்துனீக இதுக்கு?" என்றார் மெக்கானிக்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் இரண்டு வகை. அடிகுழாயில் எப்போதும் வருவது உப்புத் தண்ணீர். துணிக்கும், பாத்திரத்துக்கும், மாட்டுக்கும், குளிக்கவும் அதுதான். குடிக்கிற நல்ல தண்ணீர் என்றைக்காவது ஒருநாள் குழாயில் வரும். அன்று வேலைக்குப் போகாமல் காத்திருந்து பிடித்த பெண்கள் உண்டு. அதை மூடி வைத்து, வடிகட்டி, தாகத்துக்கு மட்டும்தான் மோந்து கொடுப்போம். விருந்தாளிக்குக் கை கழுவக்கூட நல்ல தண்ணீர் கொடுக்கிற வழக்கம் இல்லை. அப்படி இருக்க வண்டிக்கு யார் ஊற்றுவார்? இந்த ஊரில் எல்லா வண்டியும் உப்புத் தண்ணீர்தான் குடித்தது. கம்பெனித் தொட்டியில் இருந்து நாங்கள் மொண்டு வந்து ஊற்றியதும் அதுதான்.

அத்தான் நிமிர்ந்தார். வாசலை ஒரு முறை பார்த்தார்.

"நான் வாங்கும்போதே இப்பிடித்தான் இருந்துருக்கும்" என்றார். "முன்ன வச்சுருந்தவன் என்னத்த ஊத்துனானோ."

மெக்கானிக் கையில் இருந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். புத்திசாலி மனிதர். "ஆமா. பழைய வண்டின்னா அப்பிடித்தேன்" என்று அந்தத் துண்டைத் தூர எறிந்தார்.

அக்கா படியை விட்டு இறங்கி வந்தாள்.

"எதுக்குப் பொய் சொல்லுதீக? நல்ல தண்ணி ஊத்துனா வண்டிக்கு நல்லதாம், ஒரு கொடம் குடுன்னு போன கோடையில எங்கிட்ட வந்து நிக்கல? பிள்ளைக குடிக்கவே காணல, இதுல வண்டிக்கு வேறயான்னு நான் வெரட்டி விடல? நாந்தேன் குடுக்கல. எல்லாருக்கும் தெரியட்டும்."

"ஒரு கொடத்துலயா இது நடந்துச்சு? போ உள்ள" என்றார் அத்தான்.

"நாந்தேன் குடுக்கல" என்றாள் அவள் மறுபடியும்.

மதினி போய் அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க மட்டும் வீட்ல இருந்து பன்னீரா கொண்டாந்து ஊத்துனோம்? வாத்தா, உள்ள வா." அக்கா போகவில்லை. சாக்கில் திறந்து கிடந்த இரும்பின் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளைகளுக்காக அவள் பொத்திப் பொத்தி வைத்ததில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எந்தத் தாய் வேறு மாதிரி செய்திருப்பாள்?

வேறு இன்ஜின் போடுவதற்கு வழி இருக்கவில்லை. மெக்கானிக் தெரிந்த இடங்களில் எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கழித்து வந்து, "நம்ம கைக்கு எட்டுற மாதிரி ஒண்ணும் கிடைக்கல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக் குடிக்காமல் போனார். அத்தான் போல்ட்டு டப்பாக்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்.

கார்த்திகையில் கம்பெனியைத் திறந்தார்கள். எங்களை ஏற்றிப்போக வேறு ஊர்க்காரர் ஒருவர் வேன் கொண்டுவந்தார். ரோட்டு ஓரம் நாங்கள் நிற்கும்போது அக்கா வந்து என் பக்கத்தில் நின்றாள். தலையை அத்தான் பின்னிவிட்டிருந்தார் போல. கோணலாக இருந்தது. அவர் கூட வரவில்லை. வழியில் மதினிகூட எதுவும் பேசவில்லை. புது டிரைவர், "என்ன, ஊர்ல எதுவும் துட்டியா? யாரும் இறந்துட்டாகளா?" என்று கேட்டார். 

கேட்டில் சோதனை முடிந்தது. போர்மேன் அக்காவைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, எங்கள் ரூமையே காட்டினார். உள்ளே நாலு பேர் உட்காரும் இடம். ஆளுக்கு ஒரு சாக்கு விரித்திருக்கும். வாசலை ஒட்டிய இடம் மதினிக்கு. அது வயசில் மூத்தவளுக்கு என்று எழுதாத சட்டம். ஏதாவது என்றால் முதலில் வெளியே கால் வைக்கிற இடம் அது. அந்த இடத்துக்காகச் சொந்த நாத்தனாரோடு மதினி ஒரு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறாள்.

அக்கா வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டாள். உள்ளே வரவில்லை. இறுகிப்போன கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, மூலையில் காலியாகக் கிடந்த சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதினி எழுந்தாள். தன் சாக்கைச் சுருட்டிக்கொண்டு மூலைக்குப் போனாள்.

"இங்கன ஒரே வெயிலு. என் தலைக்கு ஆகல. நீ வந்து உக்காரு" என்றாள்.

அன்று வெயிலே இல்லை. காலையில் இருந்து வானம் மூடிக் கிடந்தது.