பன்னிரண்டு முகத்து முருகன்

போன வாரம் மளிகைக் கடையில் புது வருஷக் காலண்டர் கொடுத்தார்கள். பிரித்ததும் என் மூக்குதான் முதலில் போனது. "சாமி படத்தை எல்லாரும் கும்பிடுவாக, நீக என்னன்னா மோந்து பாக்கீக" என்று மனைவி முறைத்தாள். அச்சாபீஸில் மெஷின் ஓட்டியே பாதி ஆயுசைக் கழித்தவன் மூக்கு மை வாசனையைத் தவிர வேறு எதைத் தேடும், சொல்லுங்கள்?

சிவகாசியில் நாரணாபுரம் போகிற ரோட்டில் இருந்தது எங்கள் காலண்டர் கம்பெனி. முதலாளியை அண்ணாச்சி என்போம். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருஷம், ஆர்டர் பிடிக்கப் போன மலையூர் ஒன்றின் மேல் அவருக்கு ஆசை விழுந்துவிட்டது. "ஏலே, மாசத்துக்கு ஒரு ஓட்டல் எந்திரிக்குதுலே. பஸ் ஸ்டாண்டைப் பெருசாக்குறாக. பேக்கரி, பள்ளிக்கூடம், தேயிலைக் கம்பெனி... ஒரு நோட்டீசுக்குக்கூட மலையெறங்கி வாராக. அங்கன ஒரு மெஷினைப் போட்டா ஊரோட சேந்து நாமளும் வளந்துரலாம்" என்பார். அவர் நினைப்பில் ஒரு தப்பும் இல்லை. அந்த மெஷினோடு போய் மூன்று வருஷம் தங்கியிருக்க என்னைத் தேர்ந்தெடுத்தாரே, அதுதான் தப்பு.

கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் யோகக்காரன் என்றார்கள். எனக்கோ போக மனசில்லை. மனைவிக்கு அப்போது ஆறு மாதம். முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. அன்றைக்கு நான் காலண்டர் லோடோடு மதுரையில் இருந்தேன். இந்த முறை பயணமே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "இந்தத் தடவையும் என்னைத் தனியா விட்டுட்டுப் போயிருவீகளா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவே இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அண்ணாச்சியிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேலே வாடகைக் கட்டடத்தில் பழைய மெஷின் ஒன்றைப் பொருத்தி, நானும் அவரும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம். பேக்கரிக்காரர் ஒருவர் கேட்ட முருகன் படம், நாலு கலர். சிவகாசியில் ஒரு கலர் அடித்ததும் கதவு ஜன்னலையெல்லாம் திறந்து போடுவோம். வெக்கைக் காற்று ஒரு சுற்று வந்தால் தாள் காய்ந்துவிடும். அதே கைப்பழக்கத்தில் அங்கேயும் திறந்தேன். மேகம் உள்ளே வந்துவிட்டது! காகிதம் ஈரம் குடித்து நீண்டுகொண்டது. அடுத்த கலர்கள் ஒன்றும் அதனதன் இடத்தில் விழவில்லை. ஆறுமுகனுக்குப் பன்னிரண்டு முகம், மயிலுக்கு இரண்டு கொண்டை. பேக்கரிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"ஏன்லே, இங்கன நம்ம தொழில் ஓடாதா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

ஜன்னலை அடைத்து உள்ளே ஹீட்டர் போட்டால் ஓடும். இரண்டாம் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. "காகிதம் ஒத்துக்கிட மாட்டேங்குது அண்ணாச்சி" என்றேன். மறுநாளும் ஜன்னலைத் திறந்தேன். பாவிதான், ஒத்துக்கொள்கிறேன்.

கடைசியில் மெஷினை லாரியில் ஏற்றிவிட்டு ஜீப்பில் இறங்கினோம். பாதி மலையில் மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"வீட்ல எத்தனை மாசம்?"

"ஏளு ஆரம்பிச்சிருச்சு அண்ணாச்சி."

"அதை வாயத் தொறந்து சொல்றதுக்கென்னலே, வெளக்கெண்ணெ! அதுக்குப் போயி முருகனை அம்புட்டுப் பாடு படுத்திட்டியே!"

அடிவாரத்தில் நம்ம ஊர் வெக்கை முகத்தில் அடித்தது. அம்மாடி, அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னால் நான் அனுபவித்ததில்லை. சிரிக்கிறேனா அழுகிறேனா என்றே தெரியவில்லை.

அண்ணாச்சி மறுபடி அந்த மலை ஏறவில்லை. அவர் சொன்னது அத்தனையும் நடந்தது. ஊர் அடுத்த சரிவு வரை பரவிவிட்டது. பஜாரில் மட்டும் மூன்று அச்சகம், ஈரத்தை உறிஞ்சுகிற மெஷின் வைத்து ஜோராக ஓட்டுகிறார்கள். எங்கள் கம்பெனியைத்தான் அவர் காலத்துக்குப் பிறகு மூடிவிட்டார்கள்.

மகள் பிறந்த அன்று நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றேன். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். எல்லாவற்றையும் போட்டுவிட்டு அண்ணாச்சியும் பால் பிளாஸ்க்கோடு வந்து பக்கத்தில் நின்றார். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டதும், "ஏலே, கேட்டுச்சா, கேட்டுச்சா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அவளுக்குத்தான் இப்போது கல்யாணம். முதல் பத்திரிகையைக் கொண்டுபோய் வைக்க அவர் இல்லை.