மிதுஷா போகாத பன்போ

மிதுஷா மூன்று வருடம் சீனம் படித்தாள். ஜேர்மனியில், ஹம்பேர்க்கில் அவளுடைய பள்ளியில் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. சீனத்தை எல்லோரும் ஒன்றும் தெரியாமல்தான் தொடங்குவார்கள் என்று அவள் அதை எடுத்தாள். இரண்டாம் வருடமே வகுப்பில் முதலாவதாக வந்தாள்.

தாய் இறந்தபின், பன்னிரண்டு வயதில், தகப்பன் குணசேகரத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, மேன்முறையீடு வருடக்கணக்கில் இழுபட்டது. வழக்கு முடியும்வரை இருக்கலாம் என்றொரு கடதாசி மட்டும் இருந்தது. அலுவலகம், கடதாசி எல்லாம் தகப்பன் பாடு. அவர் ஒரு இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவினார்.

பதினோராம் வகுப்பில் சீனம் படிப்பிக்கும் எவ்லின் ரீச்சர் ஒரு சுற்றுலாவை அறிவித்தார். ஒக்டோபரில் வகுப்பே சீனாவுக்குப் போகிறது. சீயான் நகரில் பன்போ என்ற இடத்தில், ஆறாயிரம் வருடத்துக்கு முந்திய ஊரொன்றைத் தோண்டியெடுத்து அங்கேயே நூதனசாலை அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு பொருளைப் பற்றிச் சீனத்தில் பேச வேண்டும்.

மிதுஷாவுக்குக் கிடைத்தது ஒரு மண்சட்டி. உள்ளே மனித முகமும் மீன்களும் கறுப்பாய் வரைந்திருக்கும். செத்த பிள்ளையைத் தாழியில் வைத்து, சட்டியை மூடியாகக் கவிழ்ப்பார்களாம். அடியில் சின்ன ஓட்டை. பிள்ளையின் உயிர் போய்வர விட்ட வழி என்று சிலர் சொல்கிறார்கள். மூன்று மாதம் எழுதித் திருத்தினாள். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று தகப்பனுக்குப் பேசிக் காட்டுவாள். ஒரு சொல்லும் விளங்காமல் அவர் கைதட்டுவார்.

விசாவுக்குக் கடவுச்சீட்டு வேண்டும் என்றதும், ரீச்சரின் கடிதத்தோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தனியே போனாள். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்கள் கடவுச்சீட்டு வழக்கு முடியும்வரை எங்களிடம்தான் இருக்கும். நாட்டை விட்டுப் போனால் இந்தக் கடதாசியோடு திரும்பி உள்ளே வர முடியாது. உங்கள் அப்பா ஏப்ரலில் வந்து கேட்டபோதே சொன்னேனே."

வீட்டில் குணசேகரம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீ சிரிச்சுக்கொண்டு திரிஞ்சாய், பிள்ளை. இஞ்ச வந்த நாள் தொட்டு உன்னை அப்பிடி நான் காணேல்லை. இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு விட்டிட்டன்."

"எல்லாருக்கும் முன்னால என்னை விசரியாக்கிப் போட்டியள்."

ஒரு கிழமை அவரோடு பேசவில்லை.

எவ்லின் ரீச்சர் எங்கெங்கோ எழுதிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தயங்கிக் கேட்டார், "நீ எழுதியதை லிசா பேசட்டுமா? வீணாய்ப் போகக்கூடாது." மிதுஷா தாள்களைக் கொடுத்தாள். வகுப்புத் தோழி லிசாவின் உச்சரிப்பையும் இரண்டு பின்னேரம் இருந்து அவளே திருத்திவிட்டாள்.

நவம்பரில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பயணப் படங்களைக் காட்டினார்கள். வரவேண்டாம் என்று சொல்லியும் குணசேகரம் சேர்ட்டை அழுத்திப் போட்டுக்கொண்டு வந்தார். திரையில் லிசா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பேசினாள். கீழே லிசாவின் பெயர் மட்டும். குணசேகரம் காதைக் கொடுத்துக் கேட்டார். திடீரென்று மகள் பக்கம் திரும்பினார்.

"இது உன்ரையெல்லோ?"

முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள்.

"பேசாமல் இருங்கோ அப்பா."

மண்டபம் கைதட்டியது. அவர் தட்டவில்லை. மிதுஷா தட்டினாள்.

அடுத்த கோடையில், தீர்ப்பு எதிராக வந்தாலும் கையில் ஒரு அவுஸ்பில்டுங் ஒப்பந்தம் இருந்தால், தொழில் பழகி முடியும்வரை திருப்பி அனுப்பமாட்டார்கள் என்றார் வழக்கறிஞர். மிதுஷா பள்ளியை விட்டு, முதியோர் இல்லமொன்றில் பராமரிப்புத் தொழில் பழகச் சேர்ந்தாள். காலை ஆறு மணிக்கு வேலைமுறை தொடங்கும். எட்டுப் பேரைக் கழுவி உடுப்பு மாற்றவேண்டும்.

எவ்லின் ரீச்சர் போன் எடுத்தார். "இன்னும் ஒரே ஒரு வருடம், மிதுஷா. அபிட்டூர் சோதனையை முடித்திருந்தால் பல்கலைக்கழகம் போயிருக்கலாமே."

"அந்த ஒரு வருடம் நான் இங்கே இருப்பேன் என்று யார் எழுதித் தருவார்கள், நீங்களா?"

வேலைக்கு நேரமாகிறது என்று மிதுஷா போனை வைத்தாள்.