செல்லூர்க் கடையில் நல்லவராகிப்போன பெரியவர்

இந்துப்ரியா எழுதும் கதைகளைப் படிக்க முடியாது, விளையாடத்தான் முடியும். மதுரை ரிங் ரோட்டை ஒட்டிய சிறிய வீடியோ கேம் கம்பெனியில் கதை எழுதுவது அவர் வேலை. அதைக் கற்ற இடம், செல்லூரில் அவருடைய அப்பா ஜனகராஜ், மணிக்கணக்கில் காசு வாங்கி டிவியில் விளையாடவிட்ட கேம் கடை.

அங்கே வந்த சிடிக்களில் பாதி ஜப்பானிய மொழி. திரையில் வரும் வசனம் யாருக்கும் புரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இந்துப்ரியா டிவி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எல்லாப் பாத்திரங்களுக்கும் தமிழில் பேசுவார். வீட்டில் பேசும் மொழி சௌராஷ்டிரம், கடையில் அசல் செல்லூர்ப் பேச்சு. தெருவின் தறிச் சத்தத்தை மீறிக் கத்த வேண்டும். வசனம் கேட்கவே கூட்டம் சேரும். அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்றும் அவர் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது.

ஒரு கேமில் வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் நாயகனுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார். நல்லவர் என்று முடிவுகட்டி, "வா மாப்ள, சாப்ட்டியா?" என்று அவரை வாஞ்சையாகப் பேசவைத்தார் இந்துப்ரியா. கடைசிக் கட்டத்தில் பார்த்தால், நாயகனின் ஊரைக் கொளுத்தியதே அந்த ஆள்தான். மொத்தக் கடையும் இவர் பக்கம் திரும்பியது.

"ஏ புள்ள, இம்புட்டு நாளா நல்லவன்னு ஏமாத்திட்டியே" என்றான் எதிர்வீட்டு அசோக்குமார்.

"என்னையும்ல ஏமாத்திட்டான்."

அதன்பிறகு அவருக்குப் பிடித்ததெல்லாம் வாயில் தேன் ஒழுகும் போலி மனிதர்கள்தான். போன வருடம் எழுதிய கேமில் ஒரு ஊர்த்தலைவர். கண்மாய்த் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்லி ஊருக்கே உபதேசிப்பார். தன் தோப்புக்கு மட்டும் மடையைத் திறந்துவிடுவார். சோதனைக்கு விளையாடிய பலர், ஏமாந்த கடுப்பில் பாதியிலேயே நிறுத்தினார்கள். முதலாளி ராஜேஷ்குமார், தொடக்கத்திலேயே தலைவருக்குக் கள்ள முழி வைத்துவிடச் சொன்னார். அப்படி வைத்தால் தலைவர் செத்தார் என்பது இந்துப்ரியாவின் கட்சி. இன்னும் ஒரே ஒருவரை விளையாடவைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று மன்றாடிச் சம்மதம் வாங்கினார்.

கூட்டிவந்தது அசோக்குமாரை. இப்போது விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறார். தலைவரின் பேச்சில் மயங்கி, மடையைத் திறக்கும் சாவியை அவர் கையிலேயே கொடுத்தார். அடுத்த காட்சியில் கண்மாய் காய்ந்து கிடந்தது. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். ராஜேஷ்குமார் இந்துப்ரியாவைப் பார்த்தார். இந்துப்ரியா தரையைப் பார்த்தார்.

டீ வந்தது. குடித்து முடித்த அசோக்குமார், முதலிலிருந்து போடச் சொன்னார். இந்த முறை தலைவர் பேசப் பேச, திரையைப் பார்த்துச் சிரித்தபடியே விளையாடினார். சாவி கேட்கும் இடம் வந்தது. மறுபடியும் கொடுத்தார்.

"அண்ணே, அந்தாளு யாருன்னு இப்பத் தெரியும்ல?" என்றார் ராஜேஷ்குமார்.

"தெரியும். குடுக்கலைன்னா பேச்சை நிறுத்திருவான்ல?"

கள்ள முழியோடு வரைந்து வைத்திருந்த தலைவர் படத்தை ராஜேஷ்குமார் அன்றே தூக்கிப்போடச் சொல்லிவிட்டார்.