கப்பலுக்கு ஓய்வு

என் வீட்டுக்காரர் கடலோரக் காவல்படையின் ரோந்துக் கப்பல் ஒன்றில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். அந்தக் கப்பலை எனக்குப் பிடித்ததே கிடையாது. புயல் என்றால் மீன்பிடிப் படகுகளெல்லாம் கரைக்கு ஓடிவரும். அது மட்டும், திரும்பாத படகுகளைத் தேடிக் கடலுக்குள் போகும். அந்த நாட்களில் திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு அவருக்குப் போன் போட்டபடியே இருப்பேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் அலுக்காமல் சொல்லும். அவளை நான் திட்டாத திட்டில்லை.

போன வருடம், வயதாகிவிட்டதென்று கப்பலைப் பணியிலிருந்து விடுவித்தார்கள். சூரியன் மறையும் நேரத்தில் கொடியைக் கடைசி முறையாக இறக்கியபோது கூட வேலை செய்தவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் அண்ணாமலையாருக்கு நன்றி சொன்னேன். என் வீட்டுக்காரரும் அதோடு ஓய்வுபெற்று திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

கார்த்திகையில் டிவியில் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். என்னை அறியாமலே என் கை போனை எடுத்து அவர் எண்ணை அழுத்திவிட்டது. சமையலறையில் மணி அடித்தது. அவர் அங்கே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இங்கதான இருக்கேன், எதுக்கு போன் பண்ற?" என்றபடி ஈரக் கையோடு போனை எடுக்கப் போனார்.

"எடுக்காதீங்க," என்றேன். "கொஞ்ச நேரம் அடிக்கட்டும்."