சிரிக்காமல் இறங்கிய பிணம்

திம்மையாவைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'தொரை' என்றுதான் கூப்பிடுவார்கள். பாளையம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறவன். பதினாறு வயதில் விரல் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. நாற்பது வயதுக்குள் உச்சி முதல் உள்ளங்கால் வரை வெளுத்துப்போனான். தொற்றுமில்லை, வலியுமில்லை. ஆனாலும் டீக்கடையில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், அவனுக்கு மட்டும் பேப்பர் கப். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனோ சிரித்துக்கொண்டே வாங்கிக் குடிப்பான். எதற்கெடுத்தாலும் சிரிப்பான், பாவி மனுஷன்.

நான் சங்கரபாண்டியன். பத்தாம் வகுப்பு வரை அவனோடு ஒரே பெஞ்சு. இப்போது வேன் ஓட்டுகிறேன். நடந்ததில் பாதிப் பழி என்மேல்தான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் பங்குனியில், பரளச்சிக்குத் தெற்கே கரிசல் காட்டில் ஒரு சரித்திரப் படக் கம்பெனி வந்து இறங்கியது. கும்பினித் துரை ஒருவன் சங்கிலியும் தூரக்கண்ணாடியுமாக வந்து நிலத்தை அளக்கிறான். பின்னாலேயே பட்டாளம் வருகிறது. எதிர்த்தவர்களைப் புளியமரத்தில் தொங்கவிடுகிறான். கதை அவ்வளவுதான். துரைக்கு ஒரு குதிரை, ஒரு பேர், அவன் வரும்போதெல்லாம் ஒரு பேண்டு வாத்தியம். தொங்குகிற பன்னிரண்டு பேருக்குப் பேர்கூடக் கிடையாது. என்ன படமோ, என்ன சரித்திரமோ!

துரையாக நடிப்பவர் வெளிநாட்டுக்காரர். அவர் மெட்ராஸில் ஏசி செட்டுக்குள் முகத்தை மட்டும் காட்டிவிட்டுப் போய்விட்டார். பரளச்சி வெயிலில் குதிரைமேல் உட்கார அவருக்கு என்ன தலையெழுத்தா? தூரத்து ஷாட்டுக்கு ஒரு வெள்ளை உடம்பு வேண்டும் என்று ஆள் தேடினார்கள். பேப்பர் கப்போடு நின்ற திம்மையா அகப்பட்டான்.

"என் மொகம் தெரியுமாண்ணே?" என்று கேட்டான் திம்மையா. ஆள் பிடிக்க வந்த உதவி டைரக்டர் தீபனுக்கு, இவனுக்கு ஒரு மகன் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும்.

"தெரியாதுண்ணே. நீங்க தூரத்துல வெள்ளையாத் தெரிஞ்சாப் போதும்" என்றான் தீபன்.

திம்மையா அதற்கும் சிரித்தான். ஷூட்டிங் அன்று நான்தான் அவனை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன்.

சிவப்புக் கோட்டுப் போட்டுக் குதிரைமேல் உட்கார்ந்து அவன் கையைத் தூக்க வேண்டும். அவன் கை தூக்கினால் பன்னிரண்டு பேரையும் தொங்கவிடுவார்கள். அந்தக் கை தூக்கலைக் காலை பத்து மணிக்குள் எடுத்துவிட்டார்கள். தொங்குகிற காட்சி உச்சி வெயிலில். அந்தப் புளியமரத்தடியில் உச்சிப்பொழுதில் உள்ளூர்க்காரன் எவனும் ஒதுங்க மாட்டான். கம்பெனிக்காரனுக்கு அதெல்லாம் தெரியுமா? சட்டைக்குள் பெல்ட்டு மாட்டி ஆட்களைத் தூக்கும் நேரத்தில், அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவனான கருத்தப்பாண்டிக்குத் தலை சுற்றி வாந்தி. ஓர் ஆள் குறைந்தது. வேலை முடிந்து சும்மா நின்ற திம்மையாவை மேக்கப் வேனுக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

திரும்பி வந்தவனைப் பார்த்து எனக்கு மயிர்க்கால் சிலிர்த்துவிட்டது. உடம்பு முழுக்க மாநிறச் சாயம். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திம்மையா, முப்பத்தாறு வருஷம் கழித்து எழுந்து வருகிறான். கையில் மேக்கப்காரரின் கண்ணாடி. அதைக் கொடுக்க மாட்டேன் என்கிறான்.

"மாப்ள, எங்கய்யா மாதிரியே இருக்கேன்ல?" என்றான்.

கண்ணாடியைப் பிடுங்கித்தான் மேலே ஏற்றினார்கள். மற்ற பதினொரு பேரும் சொறிந்தார்கள், நெளிந்தார்கள், திட்டு வாங்கினார்கள். இவன் மட்டும் கழுத்தை இடது பக்கம் சாய்த்து அப்படியே தொங்கினான். காற்று இல்லை, ஒரு காக்கை இல்லை. 'கட்' சொன்ன பிறகும் இவன் தலை நிமிரவில்லை. "ஏலே திம்மையா!" என்று நான் மூன்று தரம் கத்தினேன். மெதுவாகக் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்க்கவில்லை, காலையில் குதிரை நின்ற மேட்டைப் பார்த்தான்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர்கள் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். படத்தில் அது வராது. ஆனால் சிரித்தால்தான் நடித்த சாவு நடிப்போடு போகும் என்பார்கள். தீபன் லிஸ்டைப் பார்த்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டான். லிஸ்டில் கருத்தப்பாண்டி பேர் அப்படியே இருந்தது. நிழலில் படுத்திருந்தவன் எழுந்து வந்து, சாகாத சாவுக்குப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டுப் போனான்.

"எங்க ஆளு சிரிக்கலையே?" என்று கேட்டேன்.

"அவரு பேரு தொரை லிஸ்ட்டுலல்ல இருக்கு. தொரை சாகலையேண்ணே" என்றான் தீபன்.

அப்போதாவது நான் சண்டை போட்டிருக்க வேண்டும். எனக்குத் திருச்சுழியில் அடுத்த லோடு. ஹாரனை அடித்து, "ஏறுலே, நேரமாச்சு" என்று அவனை வேனில் ஏற்றிவிட்டேன். என் அவசரத்தில் இடி விழ!

மூன்று நாள் அவன் அந்தச் சாயத்தைக் கழுவவில்லை. வெடித்து உதிர உதிரக் கண்ணாடி முன்னால் நின்றானாம். அவன் மனைவி நாகமணிதான் அழுதுகொண்டே எண்ணெய் தேய்த்து எடுத்திருக்கிறாள். அதன் பிறகு அவன் சிரிக்கவில்லை. பேப்பர் கப்பை வாங்குவான், குடிப்பான், வைப்பான். தறி முன்னால் நிற்கும்போது கழுத்து இடது பக்கம் சாய்ந்தே இருந்தது.

என் வாய் சும்மா இருக்குமா? அந்தச் சிரிப்பு விஷயத்தை நாகமணியிடம் உளறிவிட்டேன். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"சிரிக்காமலே கூட்டியாந்துட்டீகளேண்ணே! அவுக இன்னும் எறங்கலைண்ணே. என் தாலிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று வாய் வரை வந்தது. சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஒரு மத்தியானம் அவனை வேனில் ஏற்றி அதே மரத்தடிக்குக் கொண்டுபோய், செல்போனைத் தூக்கிப் பிடித்தேன்.

"சிரிலே. ஒரே ஒரு தடவ. உன் பொண்டாட்டிக்காகச் சிரிச்சிட்டுப் போ."

உதட்டை இழுத்துப் பார்த்தான், வரவில்லை. பிறகு மேட்டைக் காட்டினான்.

"அந்தக் குதிரைக்காரன் இன்னும் கைய எறக்கலையே மாப்ள. எப்படிச் சிரிக்க?"

"அட கிறுக்குப்பயலே, அது நீதானலே!"

"தெரியும்" என்றான்.

மேட்டில் யாருமில்லை. இருந்தாலும் நான் வேனைத் திருப்பி எடுத்த வேகத்தில் கண்ணாடி வழியாகக்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்துப் படம் வந்தது. அருப்புக்கோட்டையில் முதல் நாள் மத்தியான ஆட்டம், தெருவே கிளம்பிப் போனது. எனக்கு ஒருபக்கம் திம்மையா. அவனுக்கு அடுத்து மகள் ஹேமலதா, அவளுக்கு அடுத்து நாகமணி. ஹேமலதா காலேஜ் படிக்கிறாள். அவள் பிறந்தபோதே திம்மையாவுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது.

மேட்டில், கட்டை விரல் உயரத்துக்கு ஒரு வெள்ளை உருவம் குதிரைமேல் வந்தது. பேண்டு முழங்கியது. "அந்தா எங்கப்பா!" என்று ஹேமலதா எழுந்து கை தட்டினாள். தெரு முழுக்க விசிலடித்தது. துரை கையைத் தூக்கினான். அடுத்து, தொங்குகிற கால்கள். கேமரா கால்களை ஒவ்வொன்றாகக் கடந்து, ஒருவன்மேல் ஏறி, அவன் முகத்தில் வந்து நின்றது. மாநிற முகம், இடது பக்கம் சாய்ந்த கழுத்து. திரை முழுக்க அந்த ஒரு முகம்தான்.

ஹேமலதா அம்மா பக்கம் சாய்ந்து, வீட்டுப் பேச்சான தெலுங்கில் கேட்டாள். எனக்கும் அந்த அளவு தெலுங்கு புரியும். "யாரும்மா அது, பாவம்?"

நாகமணி கல்யாணம் கட்டிய முகம் அது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"நான்தாம்மா" என்றான் திம்மையா.

"போங்கப்பா! நீங்கதான் குதிரையில வந்த தொரை!" என்று ஹேமலதா அவன் தோளில் தட்டிச் சிரித்தாள். முன்வரிசையில் திரும்பிப் பார்த்தவர்களும் சிரித்தார்கள். பின்னால் யாரோ "தொரைக்கு ஆசையப் பாரு" என்றான். தெருவே சிரித்தது.

நாகமணி மகளைத் தாண்டிக் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீங்களும் சிரிங்க" என்றாள். "எல்லாரும் சிரிக்காக, சேந்து சிரிச்சிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நானும் நாகமணியும் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கழுத்து இடது பக்கம் சாய்ந்திருந்தது. அவன் சிரிக்கவே இல்லை.