பலேர்மோவின் ஊர்காவல் படை

எனக்கு இத்தாலிய மொழி நன்றாகத் தெரியும் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். தமிழ் நன்றாகத் தெரியும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். என்னுடைய சிஞ்ஞோரா ஒரு படை திரட்டத் தொடங்கிய பிறகு இரண்டிலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சிஞ்ஞோரா என்றால் நான் வேலை செய்யும் வீட்டு அம்மா. பலேர்மோவின் சீசா என்ற பகுதியில் ஒரு பழைய மாடிவீட்டில் தனியே இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், வாய் மட்டும் இன்னும் ஓயவில்லை. நான் குசினியைத் துடைக்கும்போது பின்னால் நின்று, இத்தாலி எப்படி ஒரு நாடானது என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் "சி, சி" என்று தலையாட்டுவேன். இங்கே அதற்கு 'ஓம்' என்று அர்த்தம். எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அவருக்குச் சொன்னதில்லை.

ஒரு முறை அவருடைய பகுதிச் சங்கத்தார் பழைய சரித்திரத்தை ஊர்வலமாக நடத்திக் காட்ட முடிவெடுத்தார்கள். நாடு புதிதாக உண்டானபோது நகரத்தைக் காக்க ஒரு படை அமைத்தார்களாம். குவார்தியா நாசியோனாலே என்று பெயர். அதில் இருந்தவர்கள் கடைக்காரர், தையற்காரர், கணக்கு எழுதுகிறவர் என்று ஊர் மனிதர்தான். உடுப்பை அவரவர் தைத்துக்கொள்ள வேண்டும். தலைவனை எல்லாரும் சேர்ந்து தெரிவு செய்ய வேண்டும். துவக்கை, அதுதான் துப்பாக்கியை, அரசாங்கம் தரும் என்றார்கள், ஆனால் எல்லாருக்கும் போதுமான அளவு வரவில்லை.

"நாடு வந்துவிட்டது, துவக்கு வரவில்லை!" என்று சொல்லிச் சிஞ்ஞோரா விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, தலைதான் சுற்றியது. கையில் நீலத் துணியையும் சிவப்பு நாடாவையும் தந்து, காற்சட்டைகளின் ஓரத்தில் தைக்கச் சொன்னார். வீடு துடைக்க வந்தவள் ஒரு நாட்டின் படைக்கு உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தேன். எந்த நாடு, எந்தக் காலம், நான் இதில் யார் என்று ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் குழம்பினேன்.

உடுப்பு ஆயத்தமான பிறகுதான் போட ஆளில்லை என்று தெரிந்தது. அவர்களுடைய ஆட்கள் எல்லாரும் சிவப்புச் சட்டை போட்டுச் சண்டைக்குப் போகும் வீரர்களாக வரத்தான் ஆசைப்பட்டார்கள். சும்மா நின்று தெருவைக் காக்கும் படையில் நிற்க ஒருவருக்கும் விருப்பமில்லை.

"உங்கள் ஆண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு வா" என்றார் சிஞ்ஞோரா.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது எழும்பி நின்றேன். குவார்தியா நாசியோனாலே என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? ஊரைக் காக்கும் படை. வாயில் தானாக வந்தது.

"இஞ்சை ஊர்காவல் படைக்கு ஆள் எடுக்கினம். ஆம்பிளையள் எல்லாரும் வரலாம். உடுப்பு, துவக்கு எல்லாம் அவையே தருவினம்."

சிலர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எங்கள் நாட்டில் ஊர்காவல் படை என்றால், எல்லைக் கிராமங்களில் அரசாங்கம் துவக்குக் கொடுத்து வைத்திருந்த ஆட்கள். அவர்கள் வருகிறார்கள் என்று கேட்டால் சட்டிபானையை விட்டுவிட்டு ஓடின சனம்தான் அந்த மண்டபத்தில் பாதிப் பேர்.

"இத்தாலியிலையும் தொடங்கிட்டாங்களோ?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"பெர்மெஸ்ஸோ இல்லாத ஆக்களைத்தான் முதல் எடுப்பினமாம்" என்று பின்னுக்கிருந்து யாரோ பதில் சொன்னார்கள். பெர்மெஸ்ஸோ என்றால் இங்கே தங்குவதற்கான அனுமதிப் பத்திரம். நான் அப்படிச் சொல்லவேயில்லை.

வீடு போய்ச் சேர்வதற்குள் கதை எனக்கு முன்னால் பலாரோ சந்தைக்குப் போய்விட்டது. தமிழ் ஆட்களை இத்தாலி சண்டைக்கு அனுப்பப் போகிறதாம், பெயர் பதிகிறவள் நானாம். ஃபோன் ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் "நாடகம்! நாடகம்!" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. நாடகம் என்று தெரிந்ததும் கூத்தில் ஊறிய மன்னார் ஆட்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்ப ராசா வேஷம் ஆருக்கு?"

இதில் ராசா இல்லை என்று சொல்லியும் வந்தார்கள். ஒருவர் மட்டும் வரமாட்டேன் என்றார். அது என் தம்பி.

தம்பி எங்களோடு அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கிறான். நாற்பதை நெருங்குகிறான், உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறான். நான் இங்கே வந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தவன். பாதுகாப்புக் கேட்டுக் கொடுத்த வழக்கு நடந்துகொண்டிருந்தது, கொமிசியோனே என்ற குழுவின் முன்னால் விசாரணைக்குப் போகும் நாள் கிட்ட வந்துவிட்டது. அவனுடைய வழக்கறிஞர் ஓர் இளம் பெண். ஒவ்வொரு தடவையும், அங்கே உனக்கு என்ன நடந்தது என்று கேட்பார். இவன், "ஒண்டுமில்லை. சண்டை நடந்தது, வந்திட்டன்" என்பான். நானும் அதையே இத்தாலி மொழியில் சொல்வேன்.

"ஒன்றும் நடக்காத ஆளுக்கு எப்படிப் பாதுகாப்புக் கொடுப்பார்கள்? திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்றார் அவர் கடைசியாக.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டு ஏசினேன். சண்டையின் கடைசிக் காலத்தில் நான் இங்கே. ஃபோனில் அம்மா, "தம்பி மாமி வீட்டை நிக்கிறான்" என்று சொல்லுவா, அதற்கு மேல் கேட்டால் அழுவா. பிறகு அந்த ஃபோனும் இல்லாமல் போனது. ஆகவே எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். நாலு பேரோடு நின்றால் இவன் வாய் திறக்கும் என்று நினைத்துத்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன்.

பயிற்சி சங்கத்தின் பின் முற்றத்தில். படை உடுப்பின் கோட்டுகள் யாரோ நெட்டையர்களுக்கு அளவெடுத்தவை, எங்கள் ஆட்களுக்குக் கைவிரல் தெரியவில்லை. வாடகைக்கு எடுத்த துவக்குகள் முன்வரிசைக்கே காணாது. மற்றவர்களுக்குத் தும்புத்தடிக் கம்பைச் சீவி, கறுப்பு மை பூசிக் கொடுத்தார்கள். "அந்தக் காலத்தில் நடந்தது போலவே!" என்று சிஞ்ஞோராவுக்கு ஒரே சந்தோஷம்.

கட்டளை போட வந்தவர் ஓய்வு பெற்ற பஸ் சாரதி. அவர் இத்தாலியில் கத்த, எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பினார்கள். முன்னால் நின்றவர் பின்னால் நின்றவரிடம் "என்னவாம்?" என்று கேட்டார். கடைசியில் சிஞ்ஞோரா என்னை முன்னால் தள்ளிவிட்டார். பள்ளிக்கூடத்தில் படித்த தேகப்பயிற்சி ஞாபகத்தில், "இடப்பக்கம் திரும்பு!" என்று கத்தினேன். இத்தாலியின் படை தமிழில் நடந்தது. பாதிப் பேர் மாதா சுரூபத்தின் பக்கமும் மீதிப் பேர் கக்கூசின் பக்கமும் போனார்கள்.

தம்பி மட்டும் பிசகவில்லை. நான் சொல்லி முடிக்குமுன் அவன் கால் திரும்பியது. தோளில் கம்பு ஆடவில்லை. வீட்டில் கூனிக்கொண்டு திரிகிறவன் அங்கே நிமிர்ந்து நின்றான், முகத்தில் ஒன்றுமே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, ஏன் என்று விளங்கவில்லை.

இடைவேளையில் அரஞ்சீனா என்ற பொரித்த சோற்று உருண்டை கொடுத்தார்கள். எல்லாரும் கம்புகளை நிலத்தில் எறிந்துவிட்டுப் போய் வரிசையில் நின்றார்கள். தம்பி தன்னுடையதைக் கீழே போடவில்லை. முழங்கை மடிப்பில் அணைத்துவைத்துக்கொண்டு, ஒரு கையாலேயே தின்றான்.

"அதைக் கீழை வையன்ரா" என்றேன்.

"கீழை போட்டா அடி விழும் அக்கா" என்றான். சொன்ன பிறகு தானே திடுக்கிட்டு, கம்பைப் பார்த்தான்.

அதற்குள் சிஞ்ஞோரா கைதட்டி எல்லாரையும் கூப்பிட்டார். படைக்குத் தலைவன் வேண்டும், அந்தக் காலத்து முறைப்படி தெரிவு செய்யுங்கள் என்றார். எல்லாக் கையும் தம்பிக்குத்தான் உயர்ந்தது. அவர் அவன் முன்னால் போய் நின்று, மிக மரியாதையாக, "உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்டார்.

 அவன் தன்னுடைய உடைந்த இத்தாலியில், "இல்லை, சிஞ்ஞோரா. ஆனால் கேட்டதற்கு நன்றி" என்றான். கண் கலங்கியிருந்தது. சிஞ்ஞோராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, எனக்கும்தான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவனாகக் கதைத்தான்.

"உங்கடை சிஞ்ஞோரா சொன்னவவாம், நாடு வந்திட்டுது, துவக்கு வரேல்லை எண்டு. எங்களுக்கு ரெண்டும் வரேல்லை அக்கா. இயக்கத்திலை கொட்டனோடைதான் நிண்டனாங்கள்." கொட்டன் என்றால் துவக்கு மாதிரிச் சீவிய தடி.

"நீ மாமி வீட்டை நிண்டதெண்டு..."

"நாளைக்கு வழக்குப் பாக்கிற அவ்வொக்காத்தாவிட்டைப் போவம். சொல்லுறன். நீ சரியான சொல்லாச் சொல்லு. அண்டைக்கு மண்டபத்திலை சொன்ன மாதிரிச் சொல்லிப்போடாதை."

மறுநாள் அவன் சொன்னான், நான் மொழிபெயர்த்தேன். வழக்கறிஞர் கணினியில் தட்டிக்கொண்டே, சரிபார்ப்பதற்காக உரக்க வாசித்தார்: "அதன் பின் அவர் படையில் சேர்ந்தார்."

"சேரேல்லை!" என்று நான் கத்திவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தாலியில் திருத்திச் சொன்னேன்: சேரவில்லை, பிடித்துக்கொண்டு போனார்கள்.

"எப்படிப் பிடித்தார்கள்? அவர் தன் வாயால் சொல்லட்டும்."

தம்பி மேசையைப் பார்த்தபடி சொன்னான்: "வீட்டுக்குள்ளை வந்து அவை கையைப் பிடிச்சு இழுத்தவை. அம்மா விழுந்து என்ரை காலைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தவ. வாசல் படலை வரைக்கும் விடேல்லை."

வழக்கறிஞர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை, கால், அம்மா, பிடிப்பது. வந்த புதிதில் படித்த சொற்கள்தான், எல்லாவற்றுக்கும் எனக்கு இத்தாலிச் சொல் தெரியும். அவற்றைச் சேர்க்கப் போனால் ஃபோனில் அம்மா அழுத குரல்தான் கேட்டது. "என்ன சொல்கிறார்?" என்று அவர் மறுபடியும் கேட்டார்.