மாமியார் பூட்டிய ரம்பம்

நான் வேலை பார்க்கும் மரப்பட்டறையில் நாங்கள் பதினோரு பேர். கைவிரல்களை எண்ணினால் நூற்று நான்கு. குறைகிற ஆறில் ஒன்று என்னுடையது, இடது கை மோதிர விரல். மீதி ஐந்தும் மூன்று பேருக்குச் சொந்தம். "உனக்கு எந்த மெஷின், எந்த வருஷம்?" என்று விசாரித்துக்கொள்வது எங்களுக்குள் ஒரு வேடிக்கை. புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள், பிறகு மெதுவாகத் தங்கள் கையைப் பார்த்துக்கொள்வார்கள்.

என் மாமியார் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு நகம்கூடக் குறையவில்லை. மாமியாரைப் பற்றிப் பெருமையாகப் பேசும் மருமகனை யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

அத்தை அதற்கு முன் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் இருந்தவர். முதல் பத்து வருடம் காலர் தைத்தார். ஒருநாள் மெக்கானிக் வராமல் ஒரு வரிசையே நின்றுபோனது. அத்தை சும்மா உட்காரப் பிடிக்காமல் தன் மெஷினைத் தானே பிரித்து ஓடவிட்டார். பக்கத்து மெஷினையும் கொஞ்சம் பார்க்கச் சொன்னார்கள். அதோடு அவர் தையலுக்குத் திரும்பவே இல்லை. தொழிற்சாலை மூடுகிற வரை நூற்றிருபது தையல் இயந்திரங்களுக்கு அவர்தான் வைத்தியர்.

மூடிய பிறகு எங்களோடு வந்து இருந்தார். முதல் மாதம் கதவுக் கீல்கள் எல்லாம் சத்தமில்லாமல் திறந்தன. இரண்டாவது மாதம் மின்விசிறிகள். மூன்றாவது மாதம் பக்கத்து வீட்டு மின்விசிறிகள். நான்காவது மாதம் ஒரு காலையில் என் மனைவி என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்கம்மா நேத்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஸ்க்ரூ டிரைவரோட நின்னாங்க. நல்லா ஓடிட்டு இருக்கிற ஃப்ரிட்ஜுங்க அது. தயவு பண்ணி உங்ககூடக் கூட்டிட்டுப் போயிடுங்க."

முதலாளியிடம் கேட்டேன். மரத்தூள் கூட்டிப் பெருக்குகிற வேலைதான் காலியாக இருந்தது. அத்தையிடம் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அங்க மெஷின் இருக்கா?"

"இருக்கு அத்தை."

"அப்ப வரேன் மாப்பிள்ளை."

எங்கள் பட்டறையின் நடுக்கூடத்தில் மேசை ரம்பம் இருக்கிறது. இரும்பு மேசை. அதன் நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவு வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு வட்டப் பிளேடு சுற்றும். பலகையை நேராகத் தள்ளுவதற்காக ஒரு பக்கத்தில் இரும்புச் சட்டம் நிற்கும். பிளேடின் மேல் ஒரு மூடி இருக்க வேண்டும். அறுபட்ட மரம் சேர்ந்து பிளேடை நெரிக்காமல் இருக்கப் பின்னால் ஒரு மெல்லிய தகடு நிற்க வேண்டும். மூடியும் தகடும் மேல் அலமாரியில் பசை டின்களுக்குப் பின்னால் தூசி மண்டிக் கிடந்தன.

அவற்றைக் கழற்றிப் போட்டவர் எங்கள் தலைமைத் தச்சர். பலகை தள்ளும் வேகத்துக்காக அவரைப் 'புயல்' என்று கூப்பிடுவோம். இருபது வருடம் அந்த ரம்பத்தில் நின்றும் பத்து விரலும் பத்திரமாக இருந்தவர் அவர் ஒருவர்தான். "கவனம் கையில இருக்கணும்டா, மூடியில இல்ல" என்பார். எங்களைப் போன்றவர்கள் அதற்கு என்ன பதில் சொல்வது? விரல் போனவன் பேச்சு சபை ஏறுமா?

அத்தை வந்த மூன்றாம் நாள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"ஏன் மாப்பிள்ளை, இங்க எப்பவும் தீஞ்ச வாசனை வருது?"

"மரம் அறுத்தா அப்படித்தான் அத்தை வரும்."

"துணி வெட்டினா துணி தீயுதா என்ன? கத்தி மழுங்கியிருந்தா வெட்டாது, இழுக்கும். இதுவும் அப்படித்தான் இழுக்குது."

அன்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போன பிறகு, ரம்பத்தின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேசைமேல் வைத்தார். பிளேடின் ஒரு பல்லில் சாக்பீஸால் குறி போட்டார். அந்தப் பல்லை முன்பக்கம் வைத்து, அதற்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை இரும்பு ஸ்கேலால் அளந்தார். பிறகு பிளேடைக் கையால் மெல்லத் திருப்பி, அதே பல் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"நீங்களே பாருங்க. முன்னாடி எவ்வளவு?"

"நூறு மில்லி."

"பின்னாடி?"

இரண்டு தடவை பார்த்தேன். "தொண்ணூத்தெட்டு."

"பலகை உள்ள போகும்போது நூறு, வெளிய வரும்போது தொண்ணூத்தெட்டு. பாவம், அது எங்க போகும்? நடுவுல மாட்டிக்கும். பிளேடு அதைத் தூக்கி நம்ம மேலயே எறியும். நம்ம கை பலகையோட சேர்ந்து போகும்."

என் விரல் போனது சரியாக அப்படித்தான். பலகை எகிறியது, கை இழுபட்டது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம். "புது மாப்பிள்ளை, கனவுல நின்னிருப்பான்" என்று பட்டறையே சொன்னது. நானும் அதை நம்பினேன். அந்த ரம்பத்தின் முன்னால் நிற்கும் ஒவ்வொரு நாளும் என் புத்தியைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தை என் கையைப் பார்த்தார், பிறகு ஸ்கேலைப் பார்த்தார்.

"உங்க கவனத்துல ஒரு குறையும் இல்ல மாப்பிள்ளை. இந்த ரெண்டு மில்லிதான்."

பின்பக்கக் குழாயில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

அத்தை முதலாளியிடம் போய்ச் சொன்னார். சட்டம் கோணல், பிளேடில் மரப்பிசின் ஏறிக் கருத்துப்போயிருக்கிறது, இரண்டு பல்லின் நுனி உடைந்திருக்கிறது. முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் தலைக்கு மேல் வேலை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருநூற்று நாற்பது பெஞ்சுகள் ஐந்து வாரத்தில் போக வேண்டியிருந்தது. "இந்த ஆர்டர் முடியட்டும்மா, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை புயல் வந்து ரம்பத்தின் சுவிட்சை அழுத்தினார். ஓடவில்லை. குனிந்து பார்த்தால், பிளக் ஒரு தகர டப்பாவுக்குள் இருந்தது. டப்பாவின் பக்கத்தில் ஓட்டை போட்டு ஒயர் மட்டும் வெளியே வந்தது. மூடியில் பெட்டிப் பூட்டு ஒன்று தொங்கியது.

"யாருடா இந்த வேலை பண்ணது?"

"நான்தாங்க" என்றார் அத்தை, கூட்டுவதை நிறுத்தாமல்.

பட்டறை இரண்டு பட்டது. இரண்டு என்று சொல்வதுகூடத் தப்பு. ஒரு பக்கம் எல்லோரும், மறுபக்கம் அத்தை. நான் எந்தப் பக்கமும் போகாமல் ஒரு கதவுச் சட்டத்தை வெகு அக்கறையாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. முதலாளி ஓடிவந்தார்.

"அம்மா, நீங்க இங்க கூட்டுறதுக்கு வந்தவங்க. மெஷினைப் பூட்ட உங்களுக்கு யார் சொன்னது?"

"கூட்டுறதாலதான் பூட்டினேன். இந்த மெஷினுக்கு அடியில இருந்து நான் மரத்தூளை மட்டும்தான் கூட்டி எடுப்பேன். வேற எதையும் எடுக்க மாட்டேன்."

எங்கள் பாலிஷ்காரர் மெதுவாகத் தன் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அவருக்குப் போன இரண்டு விரல்களை மரத்தூள் அள்ளிய சணல் பையில் தேடி எடுத்தது முதலாளியேதான்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் கடைசியில்.

"இன்னிக்கு ஒரு நாள்."

அப்போதுதான் எனக்கும் கால் நகர்ந்தது. உப்புத்தாளைப் போட்டுவிட்டு அத்தை பக்கத்தில் போய் நின்றேன். "நான் கூட இருக்கேன் சார்" என்றேன். புயல் என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மரமும் பற்றியிருக்கும்.

அந்த ஒரு நாளில் அத்தை செய்ததெல்லாம் என் கண்ணுக்குள் நிற்கிறது. பிளேடைக் கழற்றிச் சாணை பிடிக்கிற கடைக்கு என்னிடம் கொடுத்தனுப்பினார். உடைந்த நுனிகளுக்குப் புது நுனி வைத்து வாங்கிவரச் சொன்னார். பிளேடு உட்காரும் இடத்தில் வருடக்கணக்காக இறுகியிருந்த தூளைச் சுரண்டினார். இரும்புச் சட்டத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அரை அரை மில்லியாகத் தட்டித் தட்டி நேராக்கினார். அலமாரியிலிருந்து மூடியையும் தகட்டையும் இறக்கிக் கழுவினார். மூடி கீறல் விழுந்து மங்கியிருந்தது. பற்பசை போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். சுவிட்சைக் கழற்றி, முழங்காலால் தட்டினாலே நிற்கும் இடத்தில் எலக்ட்ரீஷியனை விட்டு மாற்றி வைக்கச் சொன்னார். கழிவுக் கட்டையில் நான் நாலு தள்ளுகோல் செய்தேன். பிளேடின் பக்கம் கை போகாமல் பலகையைத் தள்ளுவதற்கு.

மறுநாள் காலை பூட்டைத் திறந்தார். புயல் விறைப்பாகக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். "பாதுகாப்பு, பாதுகாப்புன்னு சொன்னீங்களே, பாத்துக்கோங்க" என்று கையை ஆட்டிக் காட்டினார்.

"அதைக் கழட்டுங்க முதல்ல. சுத்துற பிளேடு முன்னாடி கையுறை கூடாது. நூல் ஒண்ணு மாட்டினா கையையே உள்ள இழுத்துக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க. பலகைக்கு நேர் பின்னாடி நிக்காதீங்க, ஒரு ஓரமா நில்லுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். முதல் பலகை உள்ளே போனது. ரம்பத்தின் சத்தம் எனக்கு அடையாளமே தெரியவில்லை. இத்தனை வருடம் அது கத்திக்கொண்டிருந்தது, இப்போது பாடியது. பலகை வெளியே வந்ததும் புயல் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார். கருகல் இல்லை. இழைப்புளி போட வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த பலகை, அதற்கடுத்தது. மத்தியானம் டீ வருவதற்குள், முந்தின நாட்களில் முழு நாளும் எடுத்த வேலை முடிந்திருந்தது. பாதி நேரத்தை நாங்கள் அறுப்பதில் செலவழித்ததே இல்லை, கருகின விளிம்பை இழைப்பதில்தான் செலவழித்தோம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

அன்றிலிருந்து மூடி கழலவில்லை.

நான்காவது வாரம் அது நடந்தது. புயல் ஒரு நீளமான பலகையை அறுத்துக்கொண்டிருந்தார். வெளியே பார்க்க நல்ல பலகை, உள்ளே முறுக்கு இருந்திருக்கிறது. பாதி அறுபட்டதும் இரண்டு பாதியும் படாரென்று ஒன்றை ஒன்று நெருங்கி மூடிக்கொண்டன. பின்னால் நின்ற தகட்டை அவை கவ்வின. மோட்டார் முனகியது. பலகை அசையாமல் அப்படியே நின்றது. புயல் முழங்காலால் சுவிட்சைத் தட்டினார். பிளேடு சுற்றி ஓய்ந்தது.

அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. அந்தத் தகடு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பட்டறையில் இருந்த ஒவ்வொருவனுக்கும் தெரியும். எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே தெரியும்.

புயல் நடந்துபோய் மரக்கட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அதுவரை அத்தையை "கூட்டுற அம்மா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"அக்கா" என்றார்.

"சொல்லுங்க."

"இருபது வருஷமா இது என் கெட்டிக்காரத்தனம்னு நினைச்சுட்டு இருந்தேன்க்கா."

"கெட்டிக்காரத்தனமும் இருக்கு. இல்லைன்னா முழங்கால் அவ்வளவு சீக்கிரம் போயிருக்காது" என்றார் அத்தை. "எழுந்திருங்க. பிளக்கை எடுத்துட்டு அந்தப் பலகைக்கு ஆப்பு வெச்சு வெளிய எடுப்போம்."

பெஞ்சுகள் இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தன. அடுத்த மாதம் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். ரம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். சுவரில் ஒரு அட்டை தொங்கியது. பிளேடு சுத்தம் செய்தது எந்தத் தேதி, சாணைக்குப் போனது எந்தத் தேதி, பெல்ட் மாற்றியது எந்தத் தேதி என்று அத்தை கையெழுத்தில் எழுதியிருந்தது. தையலில் பழகிய கை, எழுத்தும் சீரான தையல் மாதிரிதான் இருக்கும்.

"உங்க மெயின்டனன்ஸ் இன்ஜினியர் எங்க?" என்று கேட்டார்.

அத்தை அப்போது எங்களுடைய இன்னொரு மெஷினான பட்டை ரம்பத்துக்கு அடியில் தலையைக் கொடுத்து, காலை மட்டும் வெளியே நீட்டிப் படுத்திருந்தார். முதலாளி அந்தக் காலைக் காட்டினார். "இவங்கதான் சார்." அன்று சாயங்காலமே பதிவேட்டில் கூட்டுபவர் என்ற வார்த்தையை அடித்து, 'இயந்திரப் பராமரிப்பு' என்று எழுதினார். அத்தை அதைப் படித்துவிட்டு, "அப்ப நாளைக்குக் கூட்டுறதுக்கு யாரு?" என்றார். ஆளாளுக்கு முறை போட்டுக்கொண்டோம். முதல் முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் புயல்.

செய்தி எப்படியோ பரவியது. இப்போது அத்தையை மற்ற பட்டறைகளிலும் கூப்பிடுகிறார்கள். போன வாரம் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு புதுப் பட்டறை. விடுமுறை நாள் என்பதால் நான் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். உள்ளே நுழைந்ததும் அங்கிருந்த முதலாளி நேராக என்னிடம் வந்து கையைக் குலுக்கினார்.

"வாங்க சார், உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருக்கோம். மெஷின் இந்தப் பக்கம்."

"நான் பெட்டி தூக்க வந்தவன் சார்" என்றேன். "மெக்கானிக் அவங்க."

அத்தை அதற்குள் அவர்கள் ரம்பத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அந்த முதலாளி குழம்பிப்போய் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்கு அவங்க என்ன வேணும்?"

"என் மாமியார்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். கூடத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.